கூப்பர்டினோவில் வாழ்பவர்கள் யார்? மக்கள்தொகை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பள்ளத்தாக்குக்கு வேலை நிமித்தமாக வந்து சேரும் தமிழ்க் குடும்பங்களில், கூப்பர்டினோவில் வீடு பார்க்கலாமா என்ற பேச்சு எழாத குடும்பம் அரிது. இவ்வூரின் மக்கள்தொகையைப் பற்றிய எண்கள் எளிதாகவே கிடைக்கின்றன. ஆனால் அந்த எண்கள் ஏன் அப்படி அமைந்தன என்பதைச் சேர்த்துப் படிக்காவிட்டால் தவறான முடிவுகளுக்கு வந்துவிட நேரும். அடிக்கடி எழும் கேள்விகளுக்கு அந்த நோக்கிலேயே இங்கே பதில் தரப்படுகிறது.

கூப்பர்டினோ எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தெற்கே, சான் ஹோசே நகரத்தின் மேற்கு எல்லையை ஒட்டி, சாண்டா குரூஸ் மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 11.3 சதுர மைல், அதாவது 29 சதுர கிலோமீட்டர். 1776இல் ஹுவான் பாத்திஸ்தா தெ அன்சாவின் ஸ்பானியப் பயணக்குழு இவ்வழியே வந்தபோது, குழுவில் இருந்த பாதிரியார் இங்குள்ள ஓடைக்கு இத்தாலியப் புனிதரான கொப்பெர்த்தினோ சூசையப்பரின் பெயரைச் சூட்டினார். ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது. தேர்வு எழுதும் மாணவர்களுக்குப் பாதுகாவலராகக் கத்தோலிக்கர் வணங்குவது இந்தப் புனிதரைத்தான். பள்ளித் தேர்ச்சியை நாடியே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து குடியேறிய ஊருக்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் பெயர் வாய்த்திருந்தது வியப்பான பொருத்தம்.

மக்கள்தொகை எவ்வளவு? அது எப்படி வளர்ந்தது?

2020 கணக்கெடுப்பின்படி 60,381 பேர். அதன்பின் வந்த ஆண்டு மதிப்பீடுகள் 60,000க்குக் கீழே இறங்கிவிட்டன.

1955இல் இது தனி நகரமாகப் பதிவானபோது சாண்டா கிளாரா கவுண்டியின் 13ஆவது நகரமாக இருந்தது. திராட்சைத் தோட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேர்ப்பூச்சியால் அழிந்த பிறகு, உலர்பழத்துக்கான பிளம், ஆப்ரிகாட், செர்ரி மரங்கள் நிறைந்திருந்த நிலம் இது. 1960இல் 3,664 பேர் மட்டுமே இருந்தார்கள். 1970இல் அது 18,000ஐ ஒட்டியும் 1980இல் 34,000ஐ ஒட்டியும் உயர்ந்தது. இருபதே ஆண்டுகளில் பழத்தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. பிறகு 1990இல் 40,263, 2000இல் 50,546, 2010இல் 58,302 என வளர்ந்து, அடுத்த பத்தாண்டில் இரண்டாயிரத்துக்குச் சற்று அதிகமாகக் கூடியதோடு வளர்ச்சி நின்றுபோனது.

இந்த வரிசையைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 1990க்கும் 2000க்கும் இடையே கூடிய பத்தாயிரம் பேரும் புதிதாகக் குடிவந்தவர்கள் அல்லர். கிழக்கே இருந்த ராஞ்சோ ரிங்கொனாடா என்னும் குடியிருப்புப் பகுதி 1999இல் நகர எல்லைக்குள் சேர்க்கப்பட்டது; அங்கே பல ஆண்டுகளாக வாழ்ந்துவந்த மக்கள் வீடு மாறாமலேயே கூப்பர்டினோவாசிகள் ஆனார்கள். ஓர் ஊரின் வளர்ச்சியைப் பேசும்போது, ஆட்கள் வந்தார்களா அல்லது எல்லைக்கோடு நகர்ந்ததா என்று கேட்பது நல்ல பழக்கம்.

அஞ்சல் எண் 95014 என்று இருந்தால் அந்த வீடு கூப்பர்டினோவில் இருக்கிறது என்று கொள்ளலாமா?

கூடாது. அந்த அஞ்சல் எண்ணின் பரப்பும் நகராட்சியின் பரப்பும் ஒன்றல்ல. பள்ளி மாவட்டமோ இரண்டிலிருந்தும் வேறுபட்டது: கூப்பர்டினோவின் பெயரைத் தாங்கிய தொடக்க, நடுநிலைப் பள்ளி மாவட்டத்துக்குள் சான் ஹோசேயின் மேற்குப் பகுதியும், சன்னிவேல், சாரடோகா, சாண்டா கிளாரா, லாஸ் ஆல்டோஸ் ஆகியவற்றின் சில பகுதிகளும் அடங்குகின்றன. ஆகவே வீட்டுத்தரகர் "கூப்பர்டினோ" என்று சொல்லும்போது மூன்றில் எதைச் சொல்கிறார் என்பதைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

ஆசிய வம்சாவளியினர் எப்போது பெரும்பான்மை ஆனார்கள்?

2000க்கும் 2010க்கும் இடையில். 1990இல் ஆசியர் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தனர். 2000இல் 44.4 விழுக்காடு; வெள்ளையர் அப்போதும் சரிபாதியாக, 50.1 விழுக்காடாக இருந்தனர். 2010இல் ஆசியர் 63.3 விழுக்காடு, வெள்ளையர் 31.3 விழுக்காடு. 2020இல் ஆசியரின் பங்கு மூன்றில் இரண்டைத் தாண்டிவிட்டது. ஒரு தலைமுறைக் காலத்தில் ஓர் ஊரின் முகம் இவ்வளவு மாறியது அமெரிக்கப் புறநகர்களில் அடிக்கடி காணக்கூடியது அன்று.

"ஆசியர்" என்ற சொல்லுக்குள் பல மக்கள் இருக்கிறார்கள். 2010இல் ஊரின் மொத்த மக்கள்தொகையில் சீன வம்சாவளியினர் 28.1 விழுக்காடு, இந்திய வம்சாவளியினர் 22.6 விழுக்காடு, கொரியர் 4.6 விழுக்காடு, ஜப்பானியர் 3.3 விழுக்காடு. முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் மேற்படிப்புக்கு வந்து பொறியாளர்களாகத் தங்கியவர்கள். சீன நிலப்பரப்பிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பெருந்தொகையாக மக்கள் வந்தது அதற்குப் பிறகு.

இந்த மாற்றம் நடந்ததற்குக் காரணம் என்ன?

பண்பாட்டைக் காரணமாகச் சொல்வதுதான் வழக்கம். "நம் ஆட்கள் படிப்புக்கு முக்கியத்துவம் தருகிறவர்கள்" என்று நம்மில் பலர் பெருமையோடு சொல்வதையும் கேட்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பண்பாட்டுக்கு முன்பே சட்டம் வேலை செய்திருக்கிறது. 1965இல் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டம் ஆசிய நாடுகளின் மீதிருந்த ஒதுக்கீட்டுத் தடைகளை நீக்கியதோடு, தொழில்திறன் உடையவர்களுக்கும் குடும்ப உறவினருக்கும் முன்னுரிமை தந்தது. 1990ஆம் ஆண்டின் சட்டம், தொழில்திறன் உடையவர்களுக்குத் தற்காலிகமாக வேலை செய்ய அனுமதி தரும் எச்-1பி விசாவை உருவாக்கியது. இவ்விரு சட்டங்களும் இந்தியாவின் நூறு கோடிப் பேரிலிருந்து பொறியியல் பட்டம் பெற்றவர்களையே பெரும்பாலும் சலித்து எடுத்தன. அப்படிச் சலிக்கப்பட்ட பெற்றோரின் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதை ஓர் இனத்தின் இயல்பாகக் காட்டுவது, சல்லடையை மறந்துவிட்டு மாவை மட்டும் பாராட்டுவதாகும்.

சட்டத்துக்கு அடுத்தது வேலை. வேரியன், லாக்ஹீட், ஹியூலட் பாக்கார்ட் போன்ற நிறுவனங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்தபோது அவற்றின் பொறியாளர்களுக்கு வீடு தேவைப்பட்டது. 1976இல் தோன்றிய ஆப்பிள் நிறுவனம் கூப்பர்டினோவையே தன் ஊராக்கிக்கொண்டது. மூன்றாவது, பள்ளி. மாண்டா விஸ்டா உயர்நிலைப் பள்ளியின் பெயர் சென்னையிலும் ஹைதராபாத்திலும் ஷாங்காயிலும் அறியப்பட்டதாகிவிட்டது. பள்ளியில் இடம் முகவரியைப் பொறுத்தது என்பதால், பள்ளியின் புகழ் நேரடியாக வீட்டு விலையில் ஏறியது.

வெள்ளையர் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள் என்பது உண்மையா?

2005 நவம்பரில் ஒரு முன்னணி அமெரிக்க நாளிதழ், மாண்டா விஸ்டா, லின்புரூக் ஆகிய இரு பள்ளிகளிலிருந்தும் வெள்ளையர் குடும்பங்கள் விலகிச் செல்வதாக எழுதியபோது நாடு முழுவதும் விவாதம் எழுந்தது. பள்ளி தரம் குறைந்ததால் விலகுவதுதான் அதுவரை தெரிந்த கதை. இங்கே போட்டி கடுமையாக இருப்பதால் விலகுகிறார்கள் என்பது புதிய கதையாக இருந்தது. சிலர் அப்படி விலகியிருக்கக் கூடும். ஆனால் எண்களைப் பார்த்தால், முதுமையாலும் பணிஓய்வாலும் பழைய குடும்பங்கள் வீட்டை விற்றதும், விற்ற வீட்டை வாங்கும் வசதியும் ஆர்வமும் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஆசியராக இருந்ததுமே மாற்றத்தின் பெரும்பகுதிக்குப் போதுமான விளக்கமாகத் தோன்றுகிறது.

இந்தியர்களுள் தமிழர் எத்தனை பேர்?

கணக்கெடுப்பு இதற்கு நேரடியாகப் பதில் சொல்வதில்லை. 1970ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினருக்குத் தனிப் பெட்டியே கிடையாது. அந்த ஆண்டில் அவர்கள் வெள்ளையரோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள். 1980இல்தான் "ஆசிய இந்தியர்" என்ற பெட்டி வந்தது. அதில் தமிழரும் தெலுங்கரும் பஞ்சாபியரும் குஜராத்தியரும் ஒன்றாகவே அடங்குகிறார்கள். இலங்கைத் தமிழர் தம்மை இலங்கையர் என்று எழுதினால் அந்தப் பெட்டிக்குள்ளேயே வரமாட்டார்கள். "பிற ஆசியர்" என்ற வகையில் போய்ச் சேர்கிறார்கள்.

வீட்டில் பேசும் மொழியைப் பற்றிய கேள்வி வேறொன்று இருக்கிறது. ஆனால் சிறு ஊர்களுக்கு வெளியிடப்படும் சுருக்க அட்டவணைகளில் இந்தி "பிற இந்தோ-ஐரோப்பிய மொழிகள்" என்ற வகையிலும், தமிழ் "பிற ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்" என்ற வகையிலும் வைக்கப்படுகின்றன. ஆகவே ஒரே தெருவில் வாழும் இந்தி பேசும் குடும்பமும் தமிழ் பேசும் குடும்பமும் இன அட்டவணையில் ஒரே பெட்டியிலும் மொழி அட்டவணையில் வெவ்வேறு பெட்டிகளிலும் இருக்கின்றன. கூப்பர்டினோவின் தமிழர் எண்ணிக்கை என்று யாராவது துல்லியமான எண்ணைச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

தமிழர் இருப்பதற்கான அடையாளம் வேறு இடத்தில் தெரிகிறது. 1998இல் தொடங்கிய கலிபோர்னியா தமிழ்க் கழகம் விரிகுடாப் பகுதியில் நடத்திவரும் தமிழ்ப் பள்ளிகளில் கூப்பர்டினோ கிளையும் ஒன்று. வார இறுதியில் பெற்றோரே தன்னார்வ ஆசிரியர்களாக நின்று உயிரெழுத்திலிருந்து கற்பிக்கும் இப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, எந்தக் கணக்கெடுப்பையும்விட உயிருள்ள ஆவணம் என்பது என் எண்ணம்.

ஊரில் எந்த வயதினர் அதிகம்?

பள்ளிப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும். 2010இல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் 27.6 விழுக்காடு, 65 வயதைக் கடந்தவர்கள் 12.5 விழுக்காடு, இடைநிலை வயது 39.9. இந்தப் பட்டியலில் கவனத்துக்குரியது 18 முதல் 24 வயதுவரை உள்ளவர்களின் பங்கு: ஏறத்தாழ 6 விழுக்காடு மட்டுமே. இத்தனைக்கும் 1967இல் தொடங்கிய தெ அன்சா கல்லூரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் வேறு ஊர்களிலிருந்து வந்து போகிறவர்கள். இங்கே வளர்ந்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்காக வெளியேறுகிறார்கள். படித்து முடித்து நல்ல சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும், தாம் வளர்ந்த தெருவில் வீடு வாங்க அவர்களால் முடிவதில்லை. பிள்ளைகளை வளர்ப்பதற்கென்றே மக்கள் தேடிவரும் ஊர், வளர்ந்த பிள்ளைகளுக்கு இடம் தர முடியாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

எல்லோரும் பணக்காரர்கள்தானா?

குடும்ப வருமானத்தின் இடைநிலை 2000இலேயே ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தொட்டிருந்தது. அண்மை ஆண்டுகளில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இடைநிலை என்பதற்குப் பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழே இருக்கின்றன என்று பொருள். 2010இல் 37.4 விழுக்காடு வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களே வாழ்ந்தார்கள். பிள்ளை பள்ளியில் சேரும் வயதில் இரண்டு படுக்கையறை அடுக்ககத்துக்கு வந்து, உயர்நிலைப் பள்ளி முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விடும் குடும்பங்கள் இவர்களுள் பல. எச்-1பி விசாவில் இருக்கும் இந்தியர்களுக்கு, ஆண்டுதோறும் வழங்கப்படுவனவற்றில் ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற உச்சவரம்பினால் கிரீன் கார்டு கிடைக்கப் பல ஆண்டுகள், சிலருக்குப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இருப்பே உறுதியில்லாதபோது வீடு வாங்கத் தயங்குவது இயல்பு.

உள்ளே நுழைய முடியாதவர்கள் யார் என்பதையும் எண்கள் காட்டுகின்றன. 2010இல் சாண்டா கிளாரா கவுண்டியில் இஸ்பானிய வம்சாவளியினர் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். கூப்பர்டினோவில் அவர்கள் 3.6 விழுக்காடு. கறுப்பின மக்கள் 0.6 விழுக்காடு. ஊரின் பள்ளிகளில் பாடம் நடத்துகிறவர்களும், உணவகங்களில் சமைக்கிறவர்களும், வீடுகளைச் சுத்தம் செய்கிறவர்களும் பெரும்பாலும் தொலைவிலிருந்து வந்து போகிறவர்கள். பன்முகத்தன்மை கொண்ட ஊர் என்று கூப்பர்டினோவைப் புகழ்வது, பிறந்த நாடுகளைப் பொறுத்தவரை சரி. தொழிலையும் வருவாயையும் பொறுத்தவரை சரியன்று.

ஆப்பிள் ஊழியர்கள் எல்லோரும் இங்கேயே வசிக்கிறார்களா?

இல்லை. 2017இல் திறக்கப்பட்ட ஆப்பிள் பார்க் வளாகத்தில் மட்டும் ஏறத்தாழ 12,000 பேர் பணிபுரிய இடம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் மற்ற ஊர்களிலிருந்து பேருந்திலும் காரிலும் வருகிறார்கள்.

பிள்ளைகளுக்காகவே மக்கள் வரும் ஊரில் பள்ளிகள் ஏன் மூடப்பட்டன?

இந்த ஊரைப் பற்றிய கேள்விகளில் இதுவே மிக முக்கியமானது என்று கருதுகிறேன். தொடக்க, நடுநிலைப் பள்ளி மாவட்டத்தில் சென்ற பத்தாண்டின் நடுவில் 19,000ஐ ஒட்டி இருந்த மாணவர் எண்ணிக்கை, 2022 வாக்கில் 14,000க்கும் கீழே போனது. 2021 அக்டோபரில் பள்ளி வாரியம் ரெக்னார்ட், மையர்ஹோல்ஸ் ஆகிய இரு தொடக்கப் பள்ளிகளை மூட வாக்களித்தது.

பள்ளிகளின் தரம் குறையவில்லை. பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் உள்ளே வர வழியில்லாமல் போனதுதான் காரணம். 1978இல் கலிபோர்னிய வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட 13ஆவது முன்மொழிவின்படி, சொத்துவரி வாங்கிய விலையின் அடிப்படையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடாக நிற்கிறது. வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயர முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1978இல் ஒரு லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டின் வரி மதிப்பு, 45 ஆண்டுகள் முழு 2 விழுக்காடு ஏறினாலும் இரண்டரை லட்சத்தைத் தொடாது. ஆண்டு வரி 2,500 டாலருக்குள் அடங்கும். பக்கத்து வீட்டை இன்று 25 லட்சத்துக்கு வாங்குகிறவர் 25,000 டாலர் கட்ட வேண்டும். இவ்வளவு வேறுபாடு இருக்கையில், பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட முதிய தம்பதியர் நான்கு படுக்கையறை வீட்டை விட்டுச் செல்ல எந்தத் தூண்டுதலும் இல்லை. அவர்கள்மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தம் வீட்டில் முதுமையைக் கழிக்க விரும்புவது நியாயமானதே. ஆனால் அந்த வீடுகளிலிருந்து இனிப் பள்ளிக்குப் போகப் பிள்ளைகள் இல்லை. விற்பனைக்கு வரும் சில வீடுகளை வாங்கும் பணம் சேர்வதற்குள் வாங்குகிறவரின் பிள்ளைகளும் தொடக்கப் பள்ளி வயதைக் கடந்துவிடுகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்ய முடிந்தபோது இளம் குடும்பங்கள் சில வேறு ஊர்களுக்கு நகர்ந்தது இந்தச் சரிவை இன்னும் விரைவாக்கியது.

அப்படியானால் புதிய வீடுகள் கட்டலாமே?

பல ஆண்டுகளாக ஊர் இரண்டுபட்டு வாதாடிவரும் கேள்வி இது. 1976இல் திறக்கப்பட்ட வால்கோ பேரங்காடி நலிந்த பிறகு, அந்த நிலத்தில் என்ன வரலாம் என்பது குறித்து 2016இல் வாக்கெடுப்புக்கு வந்த இரு முன்மொழிவுகளும் தோற்றன. வீட்டுத் திட்டங்களை உள்ளூர் நிர்வாகம் தடுப்பதைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டம் 2017இல் வந்தது. அதன் துணையோடு 2,402 வீடுகளுக்கான திட்டம் 2018இல் ஒப்புதல் பெற்றது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டபின் வழக்கும் திருத்தமுமாக ஆண்டுகள் கழிந்தன. நிலம் வெறுமையாகக் கிடந்தது.

இதற்கிடையே 2023 முதல் 2031 வரையிலான காலத்துக்கு 4,588 வீடுகளுக்கு இடம் ஒதுக்கித் திட்டமிட வேண்டும் என்று நகராட்சிக்கு இலக்கு விதிக்கப்பட்டது. முந்தைய சுற்றின் இலக்கு 1,064 மட்டுமே. 2010இல் ஊரில் இருந்த குடும்பங்கள் 20,181 என்பதை நினைவில் கொண்டால், புதிய இலக்கு ஊரின் வீடுகளை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டச் சொல்கிறது என்பது விளங்கும். நெரிசலும் நிழலும் பற்றி எதிர்ப்பவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்தான். ஆனால் எதிர்ப்பவர்களில் பலர் நம்மைப் போலவே வெளியிலிருந்து வந்து, அன்று கட்டப்பட்ட வீடுகளால் இடம் பெற்றவர்கள் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நகராட்சியில் இந்த மாற்றம் தெரிகிறதா?

தெரிகிறது. 1990களின் பிற்பகுதியில் மைக்கேல் சாங் ஊரின் முதல் ஆசிய அமெரிக்க மேயரானார். 2017இல் சவிதா வைத்தியநாதன் மேயராகப் பணியாற்றினார். இந்திய வம்சாவளியினர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்றது அதுவே முதல் முறை. ஜப்பானின் டொயோகாவா, தைவானின் சின்ச்சு, இத்தாலியின் கொப்பெர்த்தினோ ஆகியவற்றோடு ஒடிசாவின் புவனேஸ்வரமும் கூப்பர்டினோவின் உறவு நகரங்களுள் ஒன்று. வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும் என்பதால், மக்கள்தொகையின் பங்கும் வாக்காளரின் பங்கும் ஒன்றாக இராது. விசாவில் காத்திருப்பவர்கள் வரி கட்டுகிறார்கள், பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசலாம், வாக்களிக்க முடியாது.

ஊரிலிருந்து வந்து தங்கும் தாத்தா பாட்டிகள் இந்தக் கணக்கில் இருக்கிறார்களா?

கிரீன் கார்டோடு நிரந்தரமாக வசிப்பவர்கள் இருக்கிறார்கள். வருகையாளர் விசாவில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் வந்து போகிறவர்கள் இல்லை. ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் அவரை எண்ண வேண்டும் என்பது கணக்கெடுப்பின் விதி. மெமோரியல் பூங்காவில் காலை நேரத்தில் புடவையோடு காலில் விளையாட்டுக் காலணி அணிந்து நடக்கும் பாட்டிமார்களையும், மாலையில் பள்ளி வாசலில் பேரனின் பையை வாங்கிக்கொள்ளும் தாத்தாக்களையும் பார்க்கிறவர்களுக்கு, இந்த ஊரின் குடும்பங்கள் யாருடைய உழைப்பில் நடக்கின்றன என்பது தெரியும். இவர்களின் விமானம் சென்னையில் இறங்கும்போது மருமகளின் பெற்றோர் இங்கே வந்து இறங்குவார்கள். ஆண்டு முழுவதும் அந்த வீட்டில் முதியவர் இருவர் இருப்பார்கள். கூப்பர்டினோவின் மக்கள்தொகையில் அவர்களில் ஒருவரும் இருக்கமாட்டார்.